குறைத்ததாக யாரும் சொல்லவில்லை

போடிநாயக்கனூருக்கு ஓடிக்கொண்டிருந்த மீட்டர்கேஜ் ரயில் 2010 டிசம்பர் கடைசியில் நின்றது. அகலப்பாதை போட்டு, மறுபடி பயணிகள் ரயில் வந்தது 2023 ஜூன் 15-ல். அதற்குள் ஒன்று காணாமல் போயிருந்தது. 60 வயதான ஆண்களுக்கு 40 சதவீதம், 58 வயதான பெண்களுக்கு 50 சதவீதம் என்றிருந்த மூத்த குடிமக்கள் கட்டணச் சலுகையைக் கொரோனாவைக் காரணம் காட்டி 2020 மார்ச் 20-ல் ரயில்வே நிறுத்தியிருந்தது. நோய் அடங்கிவிட்டது. ஸ்லீப்பருக்கும் மூன்றாம் ஏசிக்குமாவது சலுகையைத் திருப்பித் தரலாம் என்று நாடாளுமன்ற நிலைக்குழுவும் சொல்லிப் பார்த்தது. ஆனாலும் சலுகை திரும்பவில்லை.

முதியவர்களின் பணத்தில் கை வைப்பதாக எந்த அரசும் வாய்விட்டுச் சொல்லாது. சொன்னால் என்ன ஆகும் என்பதைத் தமிழ்நாடு 2003-ல் பார்த்தது. ஓய்வூதியப் பலன்களை அரசு வெட்டியதை எதிர்த்து, அந்த ஆண்டு ஜூலையில் அரசு ஊழியர்களும் ஆசிரியர்களும் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். ஏறத்தாழ 1.7 லட்சம் பேர் ஒரே வீச்சில் பணிநீக்கம் செய்யப்பட்டார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போனது. பெரும்பாலோர் பிறகு வேலையில் சேர்க்கப்பட்டார்கள். 2003 ஏப்ரல் 1 முதல் பணியில் சேர்ந்தவர்களுக்குப் பழைய ஓய்வூதியத்துக்குப் பதிலாகப் பங்களிப்பு ஓய்வூதியத் திட்டம் வந்தது. அதை எதிர்த்து ஆசிரியர், அரசு ஊழியர் கூட்டமைப்பான ஜாக்டோ-ஜியோ 2019 ஜனவரியிலும் வேலைநிறுத்தம் செய்தது. ஓய்வுபெற்ற போக்குவரத்துத் தொழிலாளர்களின் அகவிலைப்படி நிறுத்தி வைக்கப்பட்டதும் 2024 ஜனவரி பஸ் வேலைநிறுத்தத்துக்கு ஒரு காரணம்.

சங்கம் இருப்பவர்களால் இப்படி எதிர்க்க முடிகிறது. சங்கமே இல்லாத முதியவர்களுக்கு நடப்பது வேறு வகை வெட்டு. தொகையை யாரும் குறைப்பதில்லை, உயர்த்தாமல் விட்டுவிடுகிறார்கள். விலைவாசி மீதியைப் பார்த்துக்கொள்கிறது.

இந்திரா காந்தி தேசிய முதியோர் ஓய்வூதியத்தில் 80 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு மத்திய அரசு தரும் பங்கு மாதம் 200 ரூபாய். பல ஆண்டுகளாக மாறாத தொகை அது. 80 வயது நிறைந்தவர்களுக்கு 500 ரூபாய். தமிழ்நாட்டில் 2011-ல் 1,000 ஆகவும் 2023-ல் 1,200 ஆகவும் முதியோர் பணம் கூடியது என்றால், அந்தச் சுமை மாநிலத்தின் தோளில் ஏறியது என்றுதான் பொருள்.

வருங்கால வைப்பு நிதியோடு சேர்ந்த இ.பி.எஸ். ஓய்வூதியத்தின் கதையும் இதேதான். குறைந்தபட்சம் 1,000 ரூபாய் என்பது 2014 செப்டம்பரில் வந்தது. கோஷ்யாரி தலைமையிலான மாநிலங்களவைக் குழு 2013-லேயே 3,000 கேட்டிருந்தது. ஓய்வூதியர்கள் இப்போது 7,500 கேட்கிறார்கள். கணக்கு எளிது: சராசரிச் சம்பளத்தைப் பணிபுரிந்த ஆண்டுகளால் பெருக்கி 70-ஆல் வகுக்க வேண்டும். 6,000 ரூபாய்க்குப் பி.எஃப். பிடித்து 10 ஆண்டு வேலை பார்த்தவருக்கு 857 ரூபாய்தான் வரும். குறைந்தபட்ச விதி இருப்பதால் 1,000 கிடைக்கிறது. உச்சவரம்பான 15,000 ரூபாய்ச் சம்பளத்தில் 35 ஆண்டு உழைத்தாலும் 7,500-தான்.

தேனி மாவட்டத்தில் சிலமலை, ராசிங்காபுரம், தேவாரம் பக்கத்து ஊர்க்காரர்களுக்கு இந்தக் கணக்கில் இன்னொரு சிக்கலும் உண்டு. விடியுமுன் ஜீப் ஏறி, மலையைத் தாண்டி இடுக்கி மாவட்ட ஏலத்தோட்டங்களில் காய் எடுப்பவர்களுக்கு வேலை கேரளத்தில், வீடு தமிழ்நாட்டில். கேரளம் 2025 நவம்பர் முதல் 2,000 ரூபாயாக்கிய நல ஓய்வூதியம் அங்கே குடியிருப்பவர்களுக்கு. எல்லைக்கு இந்தப்புறம் வசிப்பவர்களுக்கு அது வராது. அன்றாடக் கூலிக்கு ஏறுகிறவர்களில் பலருக்குப் பி.எஃப். கணக்கும் இருப்பதில்லை.

கணக்கு இருப்பவர்கள் செய்யும் பெரிய தவறு, ஒரு தோட்டத்தை விட்டு வரும்போது ஓய்வூதியப் பணத்தையும் சேர்த்து எடுத்துவிடுவது. இ.பி.எஸ். கிடைக்கப் பத்தாண்டுப் பணி வேண்டும். ஆறாவது ஆண்டில் பணத்தை எடுத்தவருக்கு அந்த ஆறு ஆண்டும் கணக்கிலிருந்து அழிந்துவிடும். அதற்குப் பதில் யு.ஏ.என். எண் மூலம் அடுத்த முதலாளியிடம் கணக்கை மாற்றலாம், அல்லது திட்டச் சான்றிதழ் கேட்டு வாங்கி வைக்கலாம். தோட்டம் கேரளத்தில் இருந்தாலும் ஓய்வூதியத்தைப் போடியிலுள்ள வங்கியில் வாங்கத் தடையில்லை. 2025 ஜனவரி முதல் நாட்டின் எந்த வங்கிக் கிளையிலும் பெற முடிகிறது. குறை இருந்தால், பி.எஃப். நிறுவனம் மாவட்டந்தோறும் மாதத்தின் 27-ஆம் தேதி நடத்தும் குறைதீர் முகாமில் சொல்லலாம்.

ஒரே இடத்தில் தொடர்ந்து ஐந்து ஆண்டு வேலை பார்த்தவருக்குப் பணிக்கொடையும் உண்டு: ஆண்டுக்கு 15 நாள் கூலி. இதை முதலாளி தானாக நினைவூட்டுவார் என்று காத்திருக்கக் கூடாது; எழுத்தில் கேட்க வேண்டும். கூலிச் சீட்டு, வருகைக் குறிப்பு, வங்கிப் பற்று விவரம் எது கையில் இருந்தாலும் சாட்சிதான்.

மூன்றாவது வகை வெட்டு, பட்டியலிலிருந்து பெயர் போவது. மாதாமாதம் வந்த முதியோர் பணம் திடீரென நிற்கும். ஆதாரில் வயது முரண்பட்டிருக்கலாம். வங்கிக் கணக்கு முடங்கியிருக்கலாம். வசதி இருப்பதாக யாராவது அறிக்கை எழுதியிருக்கலாம். மண்ணிலும் காயிலும் தேய்ந்த விரல்களைக் கைரேகைக் கருவி ஏற்காமலும் போகலாம்.

அப்போது முதலில் வங்கியில் கேட்க வேண்டும்: பணம் வரவில்லையா, வந்தும் எடுக்க முடியவில்லையா? வரவில்லை என்றால் கிராம நிர்வாக அலுவலரிடம் வாய்மொழியாகக் கேட்டுத் திரும்பாமல், சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி வட்டாட்சியருக்கு மனு எழுதி ஒப்புகைச் சீட்டு வாங்க வேண்டும். நிறுத்தியதற்கான உத்தரவின் நகலைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம். 30 நாளில் பதில் தர வேண்டும். விளக்கம் சொல்ல வாய்ப்புத் தராமல் நிறுத்துவது இயற்கை நீதிக்கு முரண். அடுத்த படி, தேனி ஆட்சியர் அலுவலகத்தில் திங்கள்கிழமை நடக்கும் குறைதீர்க்கும் கூட்டம், முதல்வரின் உதவி எண் 1100. பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமான வரம்பு பாராமல் இலவச சட்ட உதவி கிடைக்கும். அதற்கான எண் 15100.

பி.எஃப்., அரசு ஓய்வூதியர்கள் வாழ்நாள் சான்று தராவிட்டாலும் பணம் நிற்கும். நடக்க முடியாதவர் தபால்காரரை வீட்டுக்கு வரவழைத்து, 70 ரூபாய் கட்டணத்தில் அந்தச் சான்றை எடுத்துக்கொள்ளலாம். கைரேகை விழாதவர்களுக்கு முகம் காட்டிப் பதியும் வசதி வந்திருக்கிறது.

மருத்துவத்தில் இரண்டை அறிந்திருப்பது நல்லது. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பத்துக்கு முதல்வரின் காப்பீட்டுத் திட்டத்தில் 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை உண்டு. 70 வயது நிறைந்தவர்களுக்கு வருமானம் பாராமல் 5 லட்சம் என்று மத்திய அரசு 2024 அக்டோபர் 29-ல் ஆயுஷ்மான் திட்டத்தை விரித்தது. முதல்வரின் காப்பீட்டில் அடங்கிய சிகிச்சைக்கு மருத்துவமனை தனியே பணம் கேட்டால் 1800 425 3993 என்ற எண்ணில் உடனே புகார் சொல்லலாம். பணம் கட்டிய ரசீதை விடக்கூடாது. சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகள் காப்பீட்டில் வராது. அவற்றுக்கு ஆரம்ப சுகாதார நிலையமும், 2021 முதல் வீட்டுக்கே வரும் மக்களைத் தேடி மருத்துவமும் இருக்கின்றன.

ரயிலில் மூத்தோர் சலுகை போனாலும் புற்றுநோய், இதய அறுவைச் சிகிச்சை, சிறுநீரகச் சிகிச்சைக்குப் போகும் நோயாளிகளுக்கான கட்டணச் சலுகை நிற்கவில்லை. சிகிச்சை தரும் மருத்துவமனையிடம் ரயில்வே படிவத்தில் சான்று வாங்கி, டிக்கெட் எடுக்கும்போது கவுன்டரில் காட்ட வேண்டும். துணைக்குப் போகும் ஒருவருக்கும் சலுகை உண்டு.