தேதிக்குப் பக்கத்தில் இருக்கும் பொடி எழுத்து

கிழக்குக் கடற்கரைச் சாலையில், மாமல்லபுரத்துக்குச் சற்று முன்னால், ஒரு கடையில் போன மே மாதம் பால் பாக்கெட் வாங்கினேன். தேதி மறுநாள்வரை இருந்தது. அடுப்பில் வைத்ததும் திரிந்துவிட்டது. திரும்பப் போய்க் கேட்டால், "டேட் இருக்கே சார், நீங்களே பாருங்க" என்கிறார் கடைக்காரர். அவர் சொன்னது பொய்யில்லை. கரண்ட் பில்லுக்குப் பயந்து ராத்திரி ஃபிரிட்ஜை அணைத்துவிடுகிறார் என்பது பிறகுதான் தெரிந்தது.

பாக்கெட் பாலை 72 டிகிரியில் 15 நொடி சூடாக்கி உடனே குளிரவைப்பார்கள். இது பாஸ்சரைசேஷன். நோய்க்கிருமிகள் இதில் சாகும். எல்லா பாக்டீரியாவும் சாகாது. சூட்டைத் தாங்கிய சில, பாக்கெட்டுக்குள் தூங்கிக்கொண்டிருக்கும். அவற்றைத் தூங்கவைப்பது குளிர். 5 டிகிரிக்கு மேல் போனால் விழித்துக்கொள்ளும்; 60 டிகிரிவரை அவற்றுக்குக் கொண்டாட்டம். தோதான சூட்டில் சில பாக்டீரியாக்கள் 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டாகப் பிரியும். ஒன்று ஒரு மணி நேரத்தில் எட்டு. ஏழு மணி நேரத்தில்? இருபது லட்சத்துக்கு மேல். ஃபிரிட்ஜ் அணைந்த பிறகு பால் சூடேற ஆகும் நேரத்தைக் கழித்துக்கொண்டாலும் செங்கல்பட்டு மாவட்டத்து மே மாத ராத்திரிக்கு இந்தக் கணக்கு போதும்.

ஆகவே தேதியை மட்டும் பார்ப்பது பாதிப் பார்வை. 'இத்தனை டிகிரிக்குக் கீழ் வைக்கவும்' என்று பக்கத்தில் பொடி எழுத்தில் போட்டிருப்பார்களே, அந்த நிபந்தனை நிறைவேறினால்தான் தேதிக்கு மதிப்பு. உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2020-ஆம் ஆண்டு லேபிள் விதிகளும், குறிப்பிட்ட சேமிப்பு நிலையில் வைத்திருந்தால் என்று சொல்லித்தான் தேதியையே விளக்குகின்றன. அட்டைப்பெட்டியில் வரும் யுஎச்டி பால் மாதக்கணக்கில் வெளியே இருக்கிறதே என்றால், அதை 135 டிகிரிக்கு மேல் சூடாக்கி, கிருமி புகாத பெட்டியில் அடைக்கிறார்கள். வாயைத் திறந்துவிட்டால் அதற்கும் ஃபிரிட்ஜ்தான் கதி. அச்சிட்ட தேதி அந்த நிமிடமே செல்லாது.

இரண்டு தேதிகளை நாம் குழப்பிக்கொள்கிறோம். 'எக்ஸ்பயரி' அல்லது 'யூஸ் பை' கட்டாயம் இருக்க வேண்டும். அது முடிந்த பண்டத்தை விற்கக் கூடாது. 'பெஸ்ட் பிஃபோர்' போடுவது நிறுவனத்தின் விருப்பம். அது ருசிக்கும் மொறுமொறுப்புக்கும் சொல்லப்படும் நாள். தாண்டினால் பண்டம் நமுத்திருக்கலாம், விஷமாகிவிடாது. ரஸ்க்கைக் குப்பையில் போட்டுவிட்டு, 'யூஸ் பை' முடிந்த பனீரை மோந்து பார்த்துச் சமைக்கிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். தலைகீழாகச் செய்ய வேண்டும்.

மூக்கை நம்புவதிலும் ஒரு சிக்கல் உண்டு. புளித்த வாடையையும் அழுகல் நாற்றத்தையும் கிளப்புவது பெரும்பாலும் உணவைக் கெடுக்கும் பாக்டீரியா. ஆளைப் படுக்கவைக்கும் சால்மோனெல்லாவுக்கு வாடையே வேண்டியதில்லை. லிஸ்டீரியா ஃபிரிட்ஜுக்குள்ளும் மெல்ல வளரும்.  

ஸ்வீட் கடையில் தட்டில் அடுக்கிய இனிப்புக்கும் 2020 அக்டோபர் 1 முதல் தேதி எழுதிவைக்க வேண்டும். ஈரமான பால் இனிப்புக்கு ஆயுள் குறைவு, கலாகண்ட் அன்றே தின்ன வேண்டியது. நெய்யும் சர்க்கரையும் ஏறிய இனிப்பில் பாக்டீரியாவுக்குக் கிடைக்கும் ஈரம் குறைவு என்பதால் அது சில நாள் தாங்கும்.

எந்தத் தேதியும் இல்லாமல் விற்கும் பண்டங்களில் மீனும் ஒன்று. கோவளத்திலும் தேவநேரியிலும் கேட்காமலே செவுளைத் தூக்கிச் சிவப்பைக் காட்டிவிடுவார்கள் மீன்கார அம்மாக்கள். நல்ல சோதனைதான். ஆனால் கானாங்கெளுத்தி, சூரை போன்ற மீன்கள் வெயிலில் கிடந்தால் சதையில் ஹிஸ்டமின் சேரும். வாங்கும்போது செவுள் சிவப்பாக இருந்தாலும், வெயிலில் வண்டியில் தொங்கிக்கொண்டு வீடு சேர்வதற்குள் கெடுதல் தொடங்கிவிடலாம். சாப்பிட்டால் முகம் சிவந்து, தலை வலித்து, தடிப்பு வரும். ஐஸ் போட்டுத்தான் பையில் வாங்க வேண்டும். ஒருமுறை சேர்ந்த ஹிஸ்டமின் குழம்பில் எவ்வளவு கொதித்தாலும் போகாது.