சிவப்புக் கிண்ணம் எத்தனை சுற்று?

"எங்க மொட்டை மாடியில செம காத்து! சின்னதா ஒரு காற்றாலை வச்சா கரண்ட் பில்லே வராதுல்ல?"

கன்னியாகுமரி மாவட்டத்து முப்பந்தலில் வரிசை வரிசையாகச் சுழலும் காற்றாலைகளைப் பார்த்துவிட்டு வரும் பிள்ளைகளுக்கு இந்த ஆசை கட்டாயம் வரும். நியாயமான ஆசைதான். ஆனால் 'செம காத்து' ஓர் அளவு ஆகாதே! வினாடிக்கு எத்தனை மீட்டர்?

ஏன் இத்தனை கறார் என்றால், காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அது தரும் ஆற்றல் எட்டு மடங்காகிவிடும். ஒவ்வொரு கிலோ காற்றிலும் உள்ள ஆற்றல் நான்கு மடங்காகிறது. ஒரு வினாடியில் இறக்கையைக் கடக்கும் காற்றும் இரண்டு மடங்காகிறது. நாலிரண்டு எட்டு! 2 மீட்டர் குறுக்களவுள்ள காற்றாலையின் மேல் 5 மீட்டர் வேகத்தில் காற்று அடித்தால், அதில் சுமார் 240 வாட் இருக்கும். 10 மீட்டர் வேகம் என்றால் 1,900 வாட்டுக்கு மேல். அத்தனையையும் பிடித்துவிட முடியாது. நூற்றில் 59 பங்குக்கு மேல் எந்தக் காற்றாலையாலும் எடுக்க முடியாது என்று ஜெர்மானியர் ஆல்பர்ட் பெட்ஸ் கணக்குப் போட்டுக் காட்டிவிட்டார். வீட்டுக் காற்றாலை கால் பங்கு எடுத்தாலே கெட்டிக்காரத்தனம். அப்படியானால் 5 மீட்டர் காற்றில் கிடைப்பது 60 வாட். ஒரு மின்விசிறிக்கே இழுபறி. 3 மீட்டரில் ஒரு எல்.இ.டி. பல்பு எரியலாம், இறக்கை சுழலத் தொடங்கினால்!

சரி, காற்றின் வேகத்தை அளக்கக் காற்றுமானி ஒன்று செய்வோம். பழைய பிளாஸ்டிக் பந்து இரண்டைப் பாதியாக வெட்டினால் நான்கு கிண்ணம். சிலுவைபோல் கட்டிய இரண்டு குச்சிகளின் நுனிகளில், ஒவ்வொரு கிண்ணத்தின் குழிவும் அடுத்த கிண்ணத்தின் முதுகைப் பார்க்கும்படி ஒட்டுங்கள். நடுவில் ஒரு பேனா மூடி. அதை ஆணியின் மேல் கவிழ்த்தால் சுழலும். குழிந்த பக்கம் காற்றை அதிகம் தாங்கும், உருண்ட முதுகில் காற்று வழுக்கிப் போகும், அதனால்தான் சுற்றுகிறது. ஒரு கிண்ணத்துக்கு மட்டும் சிவப்பு வண்ணம் பூசினால் எண்ணுவது சுலபம்.

அயர்லாந்தின் ஆர்மா வானாய்வகத்தை நடத்திய தாமஸ் ராபின்சன் 1840-களில் இப்படித்தான் நான்கு கிண்ணங்களைச் சுழலவிட்டார். கிண்ணம் பெரிதோ சிறிதோ, காற்றின் வேகத்தில் மூன்றில் ஒரு பங்கு வேகத்தில்தான் அது ஓடும் என்று நம்பினார். பிறகு சோதித்தவர்கள், கிண்ணத்தின் அளவும் குச்சியின் நீளமும் மாறினால் அந்தப் பங்கும் மாறுவதைக் கண்டார்கள்.

ஆகவே உங்கள் கருவிக்கு உரிய கணக்கை நீங்களே கண்டுபிடிக்க வேண்டும். காற்றே இல்லாத விடியற்காலையில், பள்ளி மைதானத்தில் 50 மீட்டருக்குக் கோடு போடுங்கள். கருவியைச் சைக்கிளுக்கு முன்னால் நீட்டிக் கட்டி, அக்காவை 10 வினாடியில் அந்தத் தூரத்தைக் கடக்கச் சொல்லுங்கள். வினாடிக்கு 5 மீட்டர் ஆயிற்றா? அதற்குள் சிவப்புக் கிண்ணம் எத்தனை சுற்று சுற்றியது என்பதைச் செல்போன் வீடியோ சொல்லிவிடும்.

அளவெடுக்கும்போது சராசரியை மட்டும் நம்பாதீர்கள். ஓர் ஊரில் நாள் முழுக்க 5 மீட்டர் காற்று. இன்னோர் ஊரில் பாதி நாள் 10 மீட்டர், மீதி நாள் காற்றே இல்லை. இரண்டுக்கும் சராசரி 5தான். இரண்டாவது ஊரிலோ நான்கு மடங்கு ஆற்றல்! அதனால்தான் இதைத் தொழிலாகச் செய்பவர்கள், நாள் முழுக்க ஓயாமல் குறித்துக்கொள்ளும் பதிவுக்கருவியையும் காற்றுமானியோடு சேர்த்து மாட்டுகிறார்கள்.

கருவியைச் சன்னலோரத்தில் வைத்துப் பயனில்லை. வேப்பமரமும் பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டியும் காற்றைத் தடுத்துச் சுழற்றிவிடும். காற்றாலை எந்த உயரத்தில் நிற்கப்போகிறதோ அந்த உயரத்தில்தான் அளக்க வேண்டும். கம்பத்தை நடுவது பெரியவர்கள் வேலை. ஆடியில் மட்டும் அளந்தாலும் ஏமாந்துபோவீர்கள். தென்மேற்குப் பருவக்காற்று, முப்பந்தலை ஒட்டிய ஆரல்வாய்மொழிக் கணவாயில் நெருக்கியடித்துப் பாயும் காலம் அது. ஐப்பசியில் அதே இடம் வேறு கணக்குச் சொல்லும். ஓராண்டு அளந்து பாருங்கள். பெரும்பாலான நாள் 3 மீட்டரைத் தாண்டவில்லையா? அப்பாவிடம் சோலார் பலகையைப் பற்றிப் பேச்செடுங்கள்.