முதல் வணக்கம்

பிறந்த ஊரை விட்டு வேற்றூரில் குடிபுகுவோர் முதலில் கற்க வேண்டியது யாது? மொழியா? தெருக்களின் பெயரா? கடைவீதியின் விலைவாசியா? இவ்வினாவுக்கு ஜப்பானியர் வாழ்க்கை தரும் விடையொன்றை அன்பர்கள் முன் வைக்க விரும்புகிறோம்.

நம் தங்கையின் கணவர் ஆறாண்டுகளாக டோக்கியோ மாநகரின் கிழக்கே, எடோகாவா வட்டத்து நிஷிகசாயில் குடும்பத்துடன் வாழ்கிறார். 2000ஆம் ஆண்டையொட்டிக் கணினிப் பணிக்காகச் சென்ற இந்தியர் பலர் குடியேறிய பகுதி அது. சென்ற மார்கழியில் அவர் விடுமுறைக்கு வந்து, சிவாஜிநகரிலுள்ள நம் இல்லத்தில் தங்கியபோது, அந்நாட்டு வாழ்வைப் பற்றி இரவு நெடுநேரம் உரையாடினோம்.

"செருப்பைக் கழற்றிவிட்டு வீட்டினுள் செல்வது நமக்குப் புதிதன்று, மச்சான். கழற்றிய செருப்பின் முனையை வாயில் நோக்கித் திருப்பி வைப்பதுதான் புதிது" என்று தொடங்கினார் மாப்பிள்ளை.

அங்கே குப்பைக்கும் கிழமை உண்டு. எரியக்கூடியவற்றுக்குச் சில நாள். புட்டிகளுக்கும் டப்பாக்களுக்கும் ஒரு நாள். பழந்தாள்களுக்கு ஒரு நாள். முறை தவறிக் கட்டிய பையைப் பணியாளர் எடுக்கமாட்டார். தவற்றைக் குறிக்கும் சீட்டை ஒட்டிவிட்டுச் செல்வார். முதல் வாரத்தில் நம் தங்கை வைத்த பை அவ்வாறே சீட்டுடன் கிடந்தது. அண்டை வீட்டு மூதாட்டியார் ஏசவில்லை. மறுவாரம் காலையில் அருகில் வந்து நின்று, எது எதனோடு சேரும் என்று கைச்சாடையால் காட்டினார்.

நாம் இரயில்வே எழுத்தராதலின், அந்நாட்டு இரயிலைப் பற்றித் துருவித் துருவிக் கேட்டோம். 1964 அக்டோபர் 1ஆம் நாள் டோக்கியோவுக்கும் ஒசாக்காவுக்கும் இடையே அதிவேக இரயிலை ஓடவிட்ட நாடு அது. ஓட்டுநர் கைகாட்டியை விரலால் சுட்டி, அதன் நிலையை வாய்விட்டுச் சொல்வார். கண்ணோடு கையும் வாயும் சேர்ந்தால் தவறு குறையும் என்பது கருத்து. வண்டி தாமதித்தால், பணியிடத்தில் காட்டுவதற்கு நிலையத்தார் ஒரு சான்றுச் சீட்டுத் தருவர். 2017 நவம்பரில் வண்டியொன்று 20 வினாடி முன்னதாகப் புறப்பட்டதற்கு அதன் நிறுவனத்தார் மன்னிப்புக் கேட்டனர்.

இவற்றுக்கெல்லாம் வேராக ஒரு சொல் உண்டு: 'மெய்வாகு'. நம் செவிக்கு 'மெய்வாக்கு' போல் ஒலிப்பினும் பொருள் வேறு. பிறர்க்கு நம்மால் நேரும் தொல்லை என்பதே அது. அத்தொல்லையைத் தராதிருக்க இளமையிலேயே பழக்குவர்.

எல்லாவற்றினும் நம் உள்ளத்தைத் தொட்டது மற்றொரு வழக்கம். புதிதாய்க் குடிவந்தோரை அக்கம்பக்கத்தார் வந்து விசாரிப்பது நம் ஊர் மரபு. அங்கோ குடிவந்தவரே முதலில் செல்ல வேண்டும். எதிரே மூன்று வீடு, இருபுறமும் ஒவ்வொரு வீடு என்பது பழைய கணக்கு. கைத்துண்டோ தின்பண்டமோ கொடுத்துத் தலைதாழ்த்தி வணங்குவர். பெருநகரங்களில் இது குறைந்து வருகிறதாம். நம் தங்கைக்கு இதனைச் சொன்னவரும் அம்மூதாட்டியாரே. அவள் முறுக்குச் சுட்டு, ஐந்து வீட்டுக்கும் எடுத்துச் சென்றாள்.

அந்நாட்டிலும் குறை இல்லாமலில்லை. வீடு தேடிய அயல்நாட்டாருள் ஏறத்தாழப் பத்தில் நால்வர், அயலார் என்பதாலேயே தமக்கு வீடு மறுக்கப்பட்டதாகக் கூறினர் என, 2017இல் வெளியான ஜப்பானிய நீதி அமைச்சகத்தின் ஆய்வு தெரிவித்தது. வணங்கியவர்க்கெல்லாம் கதவு திறந்துவிடுவதில்லை. ஆயினும் தட்டாத கதவு திறப்பது அரிது.

இவற்றைக் கேட்டு நாம் நாணினோம். 1809இல் பெங்களூரில் படைக்குடியிருப்பு அமைந்த காலந்தொட்டுத் தமிழர் இங்கு வாழ்கின்றனர். நாமும் இச்சந்துக்கு வந்து பத்தாண்டுக்கு மேலாகிறது. 2016 செப்டம்பரில் காவிரிச் சிக்கலையொட்டி நகரில் கலவரம் மூண்ட மாலையில், கதவைத் தாழிட்டு, விளக்கை அணைத்து அமர்ந்திருந்தோம். எதிர்வீட்டில் ஒரு கன்னட அம்மையார் தனியே இருந்தார். அவர் நம்மைக் கண்டு அஞ்சினாரோ, நமக்காக அஞ்சினாரோ, அறியோம். அவர் பெயரைக்கூட நாம் கேட்டதில்லை.

இவ்வாண்டு பொங்கலன்று, சர்க்கரைப் பொங்கலுடன் அவர் கதவைத் தட்டினோம். அவர் எள்ளும் வெல்லமும் கலந்து தந்தார். சங்கராந்தியன்று எள்ளும் வெல்லமும் தின்று நல்ல சொல் பேசுமாறு வாழ்த்துவது கன்னட நாட்டார் வழக்கம். நம் அரைகுறைக் கன்னடத்தைக் கேட்டு நகைத்தார், பிறகு திருத்தினார், தம் பெயரையும் சொன்னார். நம் பிள்ளைகள் இப்போது அவரை 'அஜ்ஜி' என்று அழைக்கின்றனர்.

அன்பர்களே! எதிரே மூன்றும் இருபுறமும் இரண்டுமாக, நம்மைச் சூழ்ந்த ஐந்து வீட்டாரின் பெயர் நமக்குத் தெரியுமா? இன்று மாலை விரல்விட்டு எண்ணிப் பார்ப்போம்.