பரங்கிக்காய் இருக்க மாலைக்கண் ஏன்?

ஐப்பசி மழை பிடித்தால் காய்கறி விலை ஏறும். ஆனால் கூரைமேல் பறித்து வைத்த பரங்கிக்காய் இருக்கிறதே! சில ஊரில் அரசாணிக்காய் என்பார்கள். அதன் மஞ்சள் சத்து உடம்பில் 'ஏ' வைட்டமினாக மாறுகிறது. இந்த வைட்டமின் குறைந்தால் பொழுது சாய்ந்ததும் கண் தெரியாது. அதுதான் மாலைக்கண். பிள்ளைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும்தான் அது அதிகம் வரும்.

இப்படிச் செய்து பாருங்கள். 1 கிலோ காயின் தலையை மூடிபோல் வெட்டி, விதையை வழித்தெடுங்கள். அரைப்பதமாக வெந்த பாசிப்பருப்பு அரை டம்ளர், முருங்கைக்கீரை 2 கைப்பிடி, சின்ன வெங்காயம் 10, பச்சை மிளகாய் 2, உப்பு. இவற்றை 2 கரண்டி எண்ணெயில் வதக்கி உள்ளே அடையுங்கள். கத்தி இறங்கும்வரை இட்லிப் பானையில் வேகவிடுங்கள். எண்ணெய் சேர்ந்தால்தான் சத்து உடம்பில் ஒட்டும்.

ஐயா, உங்களுக்கு ஒரு வார்த்தை. "மிச்சம் இருந்தா எனக்குப் போதும்" என்பார் வீட்டம்மா. விடாதீங்க! ராத்திரி சேர்ந்தே சாப்பிடுங்கள். கர்ப்பிணிக்கும் பால் கொடுக்கும் தாய்க்கும் முதல் பங்கு.

9 மாதம் முதல் 5 வயது வரை பிள்ளைக்கு 6 மாதத்துக்கு ஒரு தடவை 'ஏ' வைட்டமின் மருந்தும் இலவசமாகக் கொடுக்கிறார்கள். தவற விடாதீர்கள். கண் மங்கினால் உடனே டாக்டரிடம் காட்டுங்கள்.