மலைநெறி

கள்ளக்குறிச்சிக்கு மேற்கே, கிழக்குத் தொடர்ச்சியைச் சேர்ந்த கல்வராயன் மலை உயர்ந்து நிற்கிறது. இன்று வெள்ளிமலைக்குப் பேருந்து செல்கிறது. சாலை தோன்றுமுன், மலையாளிப் பழங்குடியினர் தேனும் கடுக்காயும் சுமந்தும், நோயுற்றாரைத் தூளியிலிட்டும் ஒற்றையடிப் பாதையிலேயே இறங்கினர். ஒருபுறம் பாறை, மறுபுறம் பள்ளம். பக்கவாட்டில் நீண்ட சுமை பாறையில் இடித்தால் ஆளைப் பள்ளத்தின் பக்கம் தள்ளிவிடும். ஆதலின் தலையிலோ முதுகிலோ சுமத்தலே நன்று. ஏறுவதினும் இறங்குவது அரிது. உடற்பாரம் முன்னே தள்ளும். அடிவைத்த இடத்தில் பாசியிருப்பின் கால் நிலைகொள்ளாது.

செங்கண்மாவை ஆண்ட நன்னனைப் பாடிய மலைபடுகடாம் இவ்விடரை நன்கறியும். கூத்தரை நோக்கி, வழுக்குமிடத்தில் மூங்கிற்கோலைப் பற்றிக்கொள்ளுமாறு அது சொல்கிறது. பரிசில் பெறச் செல்வோருக்கு வழிகூறும் நூல், உடன்வரும் சிறுவரை மறந்ததா? இல்லை, அவர்களோடு ஒருவர் ஒருவராகக் காத்துக் கடக்குமாறும் கூறுகிறது.