தடைக்காலப் படகுச் சீரமைப்பு

தமிழ்நாட்டின் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் சூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் மீன்பிடிக்கச் செல்வதில்லை. மீன்களின் இனப்பெருக்கத்துக்காக 2001இல் 45 நாட்களாகத் தொடங்கிய இத்தடை, 2017இல் 61 நாட்களாக நீட்டிக்கப்பட்டது. மதுரை மாட்டுத்தாவணிச் சந்தையில் கடல்மீன் வரத்துக் குறைந்து விலை ஏறும் அந்நாட்களில், இராமேசுவரம், மண்டபம் பகுதிகளில் படகுகள் கரையேற்றப்பட்டு அடுத்த பருவத்துக்குச் சீரமைக்கப்படுகின்றன.

நீருக்குள் மூழ்கியிருக்கும் அடிப்பகுதியை முழுமையாகப் பார்க்க இதுவே நல்ல வாய்ப்பு. முதலில் ஒட்டியிருக்கும் கொட்டலசையும் பாசியையும் சுரண்டி எடுப்பர். இவை வேகத்தைக் குறைத்து டீசல் செலவைக் கூட்டும்.

மரப்படகுக்குப் பெரிய பகை கப்பற்புழு. பெயரில் புழு என்றாலும் இது சிப்பி இனத்தைச் சேர்ந்த மெல்லுடலி. நுண்துளை வழியாகப் பலகைக்குள் நுழைந்து உள்ளேயே வளர்வதால், வெளியே நன்றாகத் தெரியும் பலகை உள்ளே தேன்கூடு போல் துளைபட்டிருக்கும். எனவே தச்சர் சுத்தியலால் தட்டிப் பார்ப்பார். ஓசை பொத்தென்று கேட்டால் அப்பலகையை மாற்ற வேண்டும்.

பலகை இடுக்குகளில் பஞ்சுத்திரியை உளியால் அடித்து இறுக்கி, மேலே மக்கு பூசுவது கலப்பற்று எனப்படும். மரம் நீரில் ஊறி உப்பும்போது இடுக்கு மேலும் இறுகும். இதன் பிறகே பாசி பிடிக்காத வண்ணம் பூசப்படும்.

அரசின் தடைக்கால நிவாரணம் மீனவர் குடும்பத்தின் வயிற்றுப்பாட்டுக்கானது. சீரமைப்புச் செலவு படகு உரிமையாளரைச் சேர்ந்தது. கையில் பணமில்லாதவர் பலகை மாற்றுவதைத் தள்ளிப்போட்டு, வண்ணம் பூசுவதோடு நிறுத்திக்கொள்வதும் உண்டு. அது ஆபத்தான சிக்கனம். புதுவண்ணத்துக்குள் மறைந்த துளை நடுக்கடலில்தான் தெரியவரும்.