தொங்கும் ஊமத்தைப் பூவும் நாங்கள் கேட்கும் ஒரு கேள்வியும்

கேத்திப் பள்ளத்தாக்கின் ஓடையோரங்களிலும் வீட்டு வேலிகளிலும் வெள்ளை, இளமஞ்சள், இளஞ்சிவப்பு நிறங்களில் நீண்ட குழல் போலத் தொங்கும் பெரிய பூக்களை நீங்கள் அனைவரும் பார்த்திருப்பீர்கள். பொழுது சாயும் வேளையில் அவற்றின் மணம் மிகும். தென் அமெரிக்காவிலிருந்து அழகுக்காகக் கொண்டுவரப்பட்ட இச்செடியின் தாவரப் பெயர் புருக்மான்சியா. சமவெளியில் தரிசு நிலங்களில் வளர்வதும், சிவபெருமானுக்குச் சூட்டப்படுவதுமான ஊமத்தைக்கு இது நெருங்கிய உறவு. ஊமத்தையின் பூ நிமிர்ந்து நிற்கும். காயில் முள் இருக்கும். இதன் பூ தரையை நோக்கித் தொங்கும். காயில் முள் இல்லை. நஞ்சு மட்டும் இரண்டிலும் ஒன்றே.

இலை, பூ, விதை, வேர் அனைத்திலும் அட்ரோபின், ஸ்கோபோலமின், ஹையோசயமின் ஆகிய வேதிப்பொருள்கள் உள்ளன. உலர்த்தினாலும் கொதிக்க வைத்தாலும் அவை நீங்கிவிடுவதில்லை.

இந்த நஞ்சை மருந்தாக்க மனிதர் பல நாடுகளில் முயன்றிருக்கின்றனர். சீன மருத்துவத்தில் உலர்ந்த ஊமத்தைப் பூ 'யாங் ஜின் ஹுவா' என்ற பெயரில் இருமலுக்கும் இளைப்புக்கும் வலிக்கும் தரப்படுகிறது. தோற்றத்தில் ஒத்த வேறொரு உலர்பூவுக்குப் பதிலாக இது தவறுதலாகக் கலந்து, ஹாங்காங்கில் நோயாளிகள் நஞ்சுக்கு ஆளானதும் உண்டு. ஜப்பானில் ஹனாவோகா செய்ஷு என்ற மருத்துவர் ஊமத்தை சேர்ந்த மயக்க மருந்தைக் கொடுத்து 1804ஆம் ஆண்டு மார்பகப் புற்றுநோய்க்கு அறுவை செய்தார். அம்மருந்தின் அளவைக் கண்டறியும் சோதனைகளுக்கு உட்பட்ட அவருடைய மனைவி பார்வையை இழந்தார் என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். நம் சித்த மருத்துவத்திலோ, ஊமத்தை இலைச்சாற்றில் காய்ச்சும் மத்தன் தைலம் புண்களுக்கு மேற்பூச்சாகவே பயன்படுகிறது.

எங்கள் அவசரப் பிரிவிலும் அட்ரோபின் உண்டு. தோட்டங்களில் தெளிக்கும் சிலவகைப் பூச்சிமருந்துகள் உடலில் ஏறியவருக்கு அதுவே உயிர்காக்கும் மருந்து. ஒரு குப்பியில் 0.6 மில்லிகிராம் என்று அச்சிட்டிருக்கும். நாடித்துடிப்பையும் மூச்சையும் பார்த்துப் பார்த்துச் செலுத்துகிறோம். வேலியில் பூத்த பூவில் அவ்வாறு எதுவும் எழுதப்பட்டிருப்பதில்லை. செடிக்குச் செடி, பருவத்துக்குப் பருவம் அளவு மாறும். ஆகவே பூச்சிமருந்து பட்டவருக்கு முறிவு என்று எண்ணி ஊமத்தைச் சாறு கொடுத்துவிட வேண்டா.

இச்செடியை உட்கொண்டவருக்குப் பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்குள் வாய் வறளும், முகம் சிவக்கும், வியர்வையின்றி உடல் சுடும், கண்ணின் பாவை விரிந்து வெளிச்சம் கூசும், இதயம் விரைந்து துடிக்கும், சிறுநீர் பிரியாது. பிறகு மனம் குழம்பும். இல்லாதவரோடு பேசுவார்; காற்றில் எதையோ பிடிக்க முயல்வார். பேய்க்கோளாறு என்று கருதி வேறிடம் அழைத்துச் செல்வதில் மணித்துளிகள் வீணாகின்றன.

இங்கேதான் எங்கள் கேள்வி வருகிறது: "வீட்டில் என்ன கொடுத்தீர்கள்?" திட்டுவார்களோ என்ற அச்சத்தால் பலர் "ஒன்றும் கொடுக்கவில்லை" என்கின்றனர். அப்போது நாங்கள் பக்கவாதமா, மூளைக்காய்ச்சலா என்று தேடத் தொடங்குகிறோம். தேவையற்ற சோதனைகள் நடக்கின்றன. முதியவருக்கு இளைப்பு தணியட்டும் என்று அன்போடு வைத்துக் கொடுத்த கஷாயத்தை நாங்கள் குற்றமாகக் கருதுவதில்லை. எது, எவ்வளவு, எப்போது என்பதே எங்களுக்கு வேண்டும். செடியின் ஒரு கிளையைப் பையில் போட்டுக் கொண்டுவந்தால் மிகவும் உதவியாகும். வாந்தி எடுக்க வைக்க முயலாமல் 108ஐ அழையுங்கள். நீர் ஏற்றி, சிறுநீர்க் குழாய் பொருத்தி, பதற்றத்தைத் தணிக்கும் மருந்து தந்து, இதயத்துடிப்பைக் கண்காணித்தால் பெரும்பாலோர் ஓரிரு நாட்களில் தெளிவடைவர்.

கண்ணழுத்த நோய் உள்ளவரும், புராஸ்டேட் வீக்கம் உள்ள ஆண்களும் சிறிதளவே உட்கொண்டாலும் பெரிதும் துன்புறுவர். சளி, ஒவ்வாமை, மனநோய் ஆகியவற்றுக்கான சில மாத்திரைகளும் இதே விளைவை உடையவை என்பதால், அவற்றை உட்கொள்பவருக்கு ஆபத்து கூடுகிறது. குழந்தைகள் பூவின் அடியை உறிஞ்சித் தேன் குடிப்பதையும் தடுக்க வேண்டும்.

வேலி வெட்டுவோருக்கு ஒரு செய்தி. சாறு பட்ட கையால் கண்ணைத் தேய்த்தால் அந்த ஒரு கண்ணின் பாவை மட்டும் விரிந்து சில நாட்கள் அப்படியே இருக்கலாம். தலையில் ஏதோ கோளாறு என்று மருத்துவரே ஐயுறக்கூடிய அறிகுறி அது. கண்ணை நன்கு கழுவிவிட்டு வாருங்கள். அன்று எந்தச் செடியை வெட்டினீர்கள் என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.